பதினொரு பழைய சர்வர்களை மாற்றுவது: எத்தனை வாங்குவது, எதில் ஓட்டுவது, எப்படி மாறுவது

கேள்வி இதுதான். ஓசூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. 11 சர்வர்கள், எல்லாம் பத்து வயதைத் தாண்டியவை. மூன்றில் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ 6.7 (ஒரே பெட்டிக்குள் பல சர்வர்களை ஓடவைக்கும் மென்பொருள்) போட்டு அதன்மேல் 9 விஎம் (மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் சர்வர்) ஓடுகிறது. மீதி எட்டில் நேரடியாக விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. கணக்கு, ஸ்டாக், இன்வாய்ஸ் எல்லாம் பார்க்கும் இஆர்பி மென்பொருள், மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரில் இருக்கிறது. ஐடி பிரிவில் இரண்டே பேர். மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும் என்கிறார் எம்டி. எத்தனை சர்வர் வாங்குவது, விஎம்வேரிலேயே இருப்பதா, அதே வேலையைச் செய்யும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி அல்லது ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் போவதா, இல்லை மொத்தத்தையும் கிளவுடுக்கு ஏற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். எந்த மென்பொருளில் ஓட்டுவது என்பது கடைசியில் வரவேண்டிய முடிவு. முதலில் தெரிய வேண்டியது இரண்டு: ஒரு சர்வர் செத்தால் எது எவ்வளவு நேரம் நிற்கலாம், இப்போது இருப்பவை உண்மையில் எவ்வளவு வேலை செய்கின்றன. இந்த இரண்டும் கையில் இல்லாமல் கொட்டேஷன் கேட்டால், விற்பவர் தனக்கு எது லாபமோ அதைத்தான் எழுதித் தருவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அவசரம் எதில், எதில் இல்லை என்று முதலில் பிரித்துவிடுகிறேன். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2வுக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்றே முடிந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கும் நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். இஎஸ்எக்ஸ்ஐ 6.7க்குப் பொது ஆதரவு 2022 அக்டோபரிலேயே போயிற்று. 2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் (தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைப் பூட்டியது நினைவிருக்கும். அது நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பேட்ச் வந்திருந்தது. ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் மார்ச் 31 என்ற தேதியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எம்டி பெரும்பாலும் தேய்மானத்தை நினைத்துச் சொல்கிறார். கம்ப்யூட்டர்களுக்கு வருமான வரிக் கணக்கில் 40 சதவீதம் தேய்மானம் உண்டு என்பது சரி. ஆனால் வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். பிப்ரவரியில் அடித்துப் பிடித்து வாங்கினாலும் பாதிதான். இதை ஆடிட்டர் வாயால் எம்டிக்குச் சொல்லவையுங்கள். உங்களுக்கு மூன்று மாதம் கூடுதலாகக் கிடைக்கும். மார்ச்சில் ஸ்டாக் கணக்கெடுப்பு, ஆண்டு முடிவு என்று இஆர்பியே மூச்சு வாங்கும் நேரத்தில் அதைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைப்பது வேண்டாத வேலை. இப்போதே வெளியே தெரியும்படி இருக்கும் இஎஸ்எக்ஸ்ஐ மேலாண்மை முகவரிகளை மட்டும் இந்த வாரமே தனி விலானுக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதி) தள்ளிவிடுங்கள். அதற்குப் பணமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

இனி அளப்பது. குறைந்தது 30 நாள், அதில் ஒரு மாத முடிவு கட்டாயம் இருக்க வேண்டும். விஎம்வேர் பக்கத்துக்கு ஆர்வி-டூல்ஸ் போதும். எந்த விஎம்முக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம், எவ்வளவு டிஸ்க் நிரம்பியிருக்கிறது, யாரோ எப்போதோ எடுத்து மறந்த ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு நேரத்து நிலையின் பதிவு) எங்கே கிடக்கிறது எல்லாம் ஒரே தாளில் வரும். நேரடியாக ஓடும் எட்டு விண்டோஸ் சர்வர்களில், விண்டோஸிலேயே உள்ள பெர்ஃப்மான் கருவியை வைத்து சிபியு, உண்மையில் பயன்படும் நினைவகம், டிஸ்க்கின் தாமதம், விநாடிக்கு எத்தனை படிப்பு-எழுத்து ஆகிய நான்கையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியவையுங்கள். சராசரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். காலை ஷிஃப்ட் மாறும் நேரத்திலும், சம்பளப் பட்டியல் ஓடும் இரவிலும் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு.

அளவு வரும்வரை ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பதினொன்றும் ஒவ்வொன்றிலும் இரண்டு சிபியு, சிபியுவுக்கு 6 கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) என்று வைத்தால் மொத்தம் 132 கோர். அந்தக் காலத்துச் சர்வர்களில் உச்ச நேரத்தில்கூட எல்லாம் சேர்த்து 20 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அப்படியானால் உண்மையான வேலை 26 பழைய கோர் அளவு. இன்றைய கோர் ஒன்று அந்தக் காலத்துக் கோர் இரண்டின் வேலையைத் தாராளமாகச் செய்யும். ஆக 13, வளர்ச்சிக்கும் சேர்த்து 20 கோர் என்று வையுங்கள். நினைவகம் இப்போது 260 ஜிபி பயன்படுகிறது, ஐந்து ஆண்டில் 400 ஆகும் என்று கொள்வோம்.

20 கோர், 400 ஜிபி என்றால் ஒரே பெட்டியில் அடங்கிவிடும். அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு பெட்டி என்றால் அது நின்றால் கம்பெனி நின்றது. இரண்டு பெட்டி என்றால் ஒவ்வொன்றையும் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது. அதோடு பேட்ச் போட ஒன்றை நிறுத்திய நேரத்தில் மற்றது போனால் மறுபடி ஒன்றுமில்லை. மூன்று பெட்டி என்றால் ஒவ்வொன்றையும் மூன்றில் இரண்டு பங்கு வரை பயன்படுத்தலாம், ஒன்று செத்தாலும் மீதி இரண்டு மொத்தத்தையும் தாங்கும். எனவே உங்களுக்கு விடை மூன்று. நான்காவது ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கும் பெட்டி) கேட்டு வரும் கொட்டேஷனை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இப்போது அந்த மூன்றுக்குள் என்ன போடுவது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சர்வரின் விலையைவிட அதன்மேல் கட்டும் லைசென்ஸ்தான் ஐந்தாண்டுக் கணக்கில் பெரிதாக வரும். விண்டோஸ் சர்வர் 2016 முதல் கோர் கணக்கில்தான் லைசென்ஸ்: ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். விஎம்வேர் ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோருக்குக் காசு கேட்கும். 8 கோர் சிபியு இரண்டு போட்டாலும் 32க்குத்தான் பில். எஸ்க்யூஎல் சர்வரும் கோர் கணக்கில் எடுத்தால் ஒரு விஎம்முக்குக் குறைந்தது 4. ஆக, 'சும்மா இருக்கட்டும், நாளைக்கு உதவும்' என்று 32 கோர் அல்லது 64 கோர் சிபியு வாங்கினால், சும்மா இருக்கும் கோருக்கும் சேர்த்து விண்டோஸுக்குக் கட்டுகிறீர்கள். உங்களுக்குப் பொருத்தம் ஒற்றை சாக்கெட் (பெட்டிக்கு ஒரே சிபியு), 16 கோர், அடிப்படை வேகம் அதிகமுள்ள சிபியு. மூன்றிலும் சேர்த்து 48. ஒன்று போனால் 32. வேண்டியது 20.

நினைவகத்திலும் ஒரு நுணுக்கம். ஏஎம்டி எபிக் 9004 வரிசையில் 12 நினைவகச் சேனல்கள் (சிபியு நினைவகத்தோடு பேசும் பாதைகள்) இருக்கின்றன. 12லும் ஒரே அளவு நினைவகக் குச்சி போட்டால்தான் முழு வேகம் வரும். 16 ஜிபி குச்சி பன்னிரண்டு என்றால் 192. இரண்டு ஹோஸ்ட் சேர்ந்து 384, உங்கள் 400க்குப் போதாது. அடுத்த படி 32 ஜிபி பன்னிரண்டு, அதாவது 384. அதையே எடுங்கள். 'இப்போதைக்கு எட்டுக் குச்சி போதும் சார், பிறகு சேர்த்துக்கலாம்' என்று விற்பவர் சொல்வார். பிறகு சேர்க்கும்போது அதே பார்ட் நம்பர் கிடைக்காது. மூன்று ஹோஸ்ட்டும் ஒரே கம்பெனி, ஒரே தலைமுறை சிபியுவாக இருக்கட்டும். இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு விஎம்மை ஓடிக்கொண்டிருக்கும்போதே நகர்த்த முடியாது. நிறுத்தித்தான் மாற்ற வேண்டும்.

ஸ்டோரேஜ் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். மூன்று ஹோஸ்ட்டின் உள்ளே இருக்கும் டிஸ்க்குகளையே சேர்த்து ஒன்றாக்கும் ஹைப்பர்-கன்வர்ஜ்டு முறை இப்போது வழக்கம். நல்ல முறைதான். ஆனால் மூன்றே ஹோஸ்ட்டில், தரவை மூன்று பிரதியாக வைக்கும்போது ஒன்று போனால் மூன்றாவது பிரதியைக் கட்ட இடமே இருக்காது. பெட்டி சரியாகித் திரும்பும்வரை குறைந்த பாதுகாப்பில் ஓட்ட வேண்டும். அதற்கு 25 ஜிகாபிட் நெட்வொர்க்கும், அது நடுராத்திரி முனகினால் புரிந்துகொள்ளும் ஆளும் வேண்டும். இரண்டு பேர் பார்க்கும் இடத்தில் இரட்டைக் கன்ட்ரோலர் உள்ள ஒரு சாதாரண ஃபிளாஷ் ஸ்டோரேஜ் பெட்டியை மூன்று ஹோஸ்ட்டோடும் நேரடியாக எஸ்ஏஎஸ் (ஸ்டோரேஜை இணைக்கும் ஒரு வகை) கேபிளில் இணைப்பதே என் தேர்வு. ஸ்விட்ச்கூட நடுவில் இல்லை. கெட்டுப்போகக்கூடிய பொருள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி.

விஎம்வேர், ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் கேள்விக்கு இப்போது வரலாம். பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி எல்லாவற்றையும் ஆண்டுச் சந்தாவாக்கியது. அதன்பிறகு சிறிய நிறுவனங்களுக்கு வந்த புதுப்பிப்புக் கொட்டேஷன்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொழில்நுட்பமாக இன்றும் அதுதான் மெருகானது; 17 விஎம்முக்கு (இப்போதுள்ள 9, விஎம்மாக மாறப்போகும் எட்டுச் சர்வர்) அந்த மெருகு தேவையா என்பதுதான் கேள்வி. ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது டெபியன் லினக்ஸ் மேல், விஎம்களை ஓட்டும் கேவிஎம் என்ற மென்பொருள். லைசென்ஸ் கட்டணம் இல்லை, ஆதரவு வேண்டுமென்றால் சாக்கெட் கணக்கில் சந்தா. 2024இல் இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரடியாக விஎம்களை இழுத்துக்கொள்ளும் வசதி வந்தது, அதே ஆண்டு வீம் என்ற பேக்கப் மென்பொருளும் அதை ஆதரிக்கத் தொடங்கியது. முன்பு சொல்லப்பட்ட 'பேக்கப் சரியில்லை' என்ற குறை இப்போது பழசு.

ஆனாலும் உங்களுக்கு நான் ஹைப்பர்-வி என்றுதான் சொல்வேன். காரணம் எளிது. உங்கள் விஎம்கள் எல்லாம் விண்டோஸ். விண்டோஸ் சர்வரின் ஸ்டாண்டர்ட் பதிப்பில் ஒரு சர்வரின் எல்லாக் கோருக்கும் லைசென்ஸ் கட்டினால் 2 விஎம் ஓட்டலாம். இன்னும் 2 வேண்டுமென்றால் மறுபடி முழுக் கோருக்கும் கட்ட வேண்டும். உங்களிடம் 17. ஒரு ஹோஸ்ட் போனால் மீதி ஒவ்வொன்றிலும் 8 அல்லது 9 ஓடும். லைசென்ஸ் விஎம்மோடு ஓடி வராது, பெட்டியோடு கட்டப்பட்டது. ஆகவே ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் அந்த மோசமான நாளுக்கே கட்ட வேண்டும். அதாவது ஸ்டாண்டர்ட் ஐந்து முறை. டேட்டாசென்டர் பதிப்பின் பட்டியல் விலை ஸ்டாண்டர்டைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு, எத்தனை விஎம் வேண்டுமானாலும் ஓட்டலாம். விஎம்களின் எண்ணிக்கை எந்த ஊரிலும் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே டேட்டாசென்டர். அதை வாங்கிய பிறகு ஹைப்பர்-விக்குத் தனியாக ஒரு ரூபாயும் இல்லை. உங்கள் இருவருக்கும் விண்டோஸ் கைவந்த வேலை. லினக்ஸ் நன்றாகத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறார் என்றால் ப்ராக்ஸ்மாக்ஸ் எடுக்கலாம். ஆனால் அவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போன மறுநாளை யோசித்துவிட்டு எடுங்கள். ஓசூரிலிருந்து அது ரொம்பத் தூரமில்லை.

கிளவுட்? மெயிலை ஏற்றுங்கள், இன்னும் ஏற்றவில்லை என்றால். வருடம் முழுக்க ஒரே சீராக ஓடும் இஆர்பியையும், மெஷின்களோடு பேசும் சர்வர்களையும் மாத வாடகைக்குக் கொண்டுபோனால் மூன்றாம் ஆண்டு கணக்கு இடிக்கும். இன்டர்நெட் போனால் லாரி கேட்டிலேயே நிற்கும். பேக்கப்பின் ஒரு பிரதியை மட்டும் வெளியே அனுப்புங்கள். அது இந்தியாவுக்குள் இருக்கட்டும், ஏனென்றால் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்பது 2022இல் திருத்திய கம்பெனிச் சட்ட விதி. அதே வளாகத்தின் இன்னொரு கட்டடத்தில் வைத்துவிட்டு 'வெளியே வைத்திருக்கிறோம்' என்று சொல்லாதீர்கள். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டாசென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

ஆர்டர் போடுவதற்குமுன் சர்வர் அறைக்குள் ஒரு டேப்போடு போங்கள். பழைய ரேக் 800 மில்லிமீட்டர் ஆழமாக இருக்கலாம். புது 2-யு (ரேக்கில் இரண்டு அடுக்கு உயரமுள்ள) சர்வர்கள் ஏறக்குறைய அவ்வளவு நீளம் வரும், பின்னால் கேபிள் வளையவும் இடம் வேண்டும். ரேக்கின் பின்கதவை மூட முடியாமல் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் அறைகளை எல்லோரும் பார்த்திருப்போம். அடுத்து மின்சாரம். மூன்று சர்வர் என்பதால் சுமை குறையும் என்பது சரிதான், ஆனால் மாற்றும் ஆறு வாரமும் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். பழைய பதினொன்று, ஒவ்வொன்றும் 250 வாட் என்றால் 2.75 கிலோவாட். புதிய மூன்று சர்வர், ஸ்டோரேஜ், ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து 2.2 என்று வையுங்கள். மொத்தம் ஏறக்குறைய 5 கிலோவாட். யுபிஎஸ் பெட்டியில் 6 கேவிஏ என்று எழுதியிருக்கும். பவர் ஃபாக்டர் 0.8 என்றால் அது 4.8 கிலோவாட்தான். அதிகச் சுமையில் அலறும். ஏசியும் அப்படியே: ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் வெப்பத்தைத்தான் வெளியேற்றும். ஒன்றரை டன் ஒன்று ஓடினால் சமாளிக்கலாம், அது நின்றால் அரை மணியில் அறை கொதிக்கும். இரண்டு ஏசி மாறி மாறி ஓடும்படி டைமர் வையுங்கள். சர்வர் உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் போதும். 16இல் வைத்து ஸ்வெட்டர் போட வேண்டியதில்லை.

இப்போது மாற்றம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றக் கூடாது என்பதுதான் இதில் பெரிய விஷயம். டொமைன் கன்ட்ரோலரை (எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்) ஒருபோதும் இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்து நகர்த்தாதீர்கள். புதிய விண்டோஸில் புதிதாக ஒன்றைக் கட்டி, டொமைனில் சேர்த்து, பொறுப்புகளை மாற்றிக் கொடுத்து, பழையதைப் பதவி இறக்குங்கள். டேட்டாபேஸும் அப்படித்தான்: புது விஎம், புது விண்டோஸ், அதில் எஸ்க்யூஎல் நிறுவி, முழு பேக்கப்பை முந்தைய வாரமே ரீஸ்டோர் செய்துவிட்டு, அதன்மேல் லாக் பேக்கப்புகளை (அதன்பிறகு நடந்த மாற்றங்களின் பதிவு) ஏற்றிக்கொண்டே வாருங்கள். மாறும் இரவில் கடைசி லாக் ஒன்றுதான் மிச்சமிருக்கும், கால் மணி நேர வேலை. ஃபைல் சர்வரை முன்கூட்டியே விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையில் நகலெடுத்து, கடைசி நாள் மாறியவற்றை மட்டும் மறுபடி ஓட்டலாம்.

மீதி இருப்பவைதான் தலைவலி. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடமான ஒரு சின்ன மென்பொருள், நிறுவும் சிடி இல்லை, ஆனால் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு அதை நம்பித்தான் இருக்கிறது. இதற்கு மட்டும் அப்படியே இமேஜ் எடுங்கள். மைக்ரோசாஃப்டின் டிஸ்க்டூவிஎச்டி இலவசமாகவே செய்யும். பழைய சர்வர், பழைய முறைப்படி பயாஸில் பூட் ஆகி எம்பிஆர் டிஸ்க்கில் இருந்தால் ஹைப்பர்-வியில் ஜெனரேஷன் 1 விஎம்மாகத்தான் எழும். ஜெனரேஷன் 2இல் வைத்தால் பூட்டே ஆகாது. எழுந்ததும் பழைய ஐபி முகவரியைப் போடப் போனால் 'இது வேறொரு அடாப்டருக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது' என்று சொல்லும். பழைய நெட்வொர்க் கார்டு ஆவியாக உள்ளேயே இருப்பதுதான் காரணம். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொல்லி நீக்குங்கள். யுஎஸ்பி டாங்கிள் (செருகினால்தான் மென்பொருள் ஓடும் சாவி) பூட்டு உள்ள மென்பொருள் இருந்தால் இப்போதே பட்டியல் எடுங்கள். ஹைப்பர்-வியில் டாங்கிளை விஎம்முக்கு நேரடியாகக் கொடுக்க வழியில்லை. நெட்வொர்க் வழியாக யுஎஸ்பியைக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டி வாங்க வேண்டியிருக்கும், அல்லது விற்ற கம்பெனியிடம் மென்பொருள் லைசென்ஸாக மாற்றித் தரச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்துக்கே ஒரு மாதம் ஆகும். இந்தப் பழைய 2012 ஆர்2 விஎம்மைத் தனி விலானில், இன்டர்நெட் இல்லாமல் வையுங்கள்.

விஎம்முக்கு எவ்வளவு சிபியு கொடுப்பது என்பதில் மென்பொருள் விற்றவர்களோடு சண்டை வரும். '16 கோர் கொடுத்தால்தான் எங்கள் மென்பொருள் ஓடும்' என்பார்கள். 16 கோர் ஹோஸ்ட்டில் 16 விசிபியு (விஎம்முக்குக் கொடுக்கும் மெய்நிகர் சிபியு) கொண்ட விஎம்மை வைத்தால், மற்ற விஎம்களோடு கோருக்குப் போட்டியிட்டு வரிசையில் நிற்கும் நேரம்தான் கூடும்; கூடக் கொடுத்ததால் மெதுவாகலாம். இன்றுள்ள உங்கள் விஎம்வேரிலேயே இதைப் பார்க்கலாம். சிபியு ரெடி என்ற அளவு 20 விநாடிக்கு 1000 மில்லிவிநாடியைத் தாண்டினால் 5 சதவீதக் காத்திருப்பு என்று பொருள். ஒரு விசிபியுவுக்கு அதற்குமேல் போவது நல்லதல்ல. அளந்ததைக் காட்டி நான்கில் தொடங்குங்கள். பற்றவில்லை என்றால் ஏற்றுவது ஐந்து நிமிட வேலை. கொடுத்ததைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம், அதற்கு மூன்று மீட்டிங் ஆகும்.

ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்ததால் அழுத்திச் சொல்கிறேன். ஒரு நூற்பாலையில் மின்வாரியப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தினார்கள். ஜெனரேட்டர் மதியத்துக்குமேல் கைவிட்டது, யுபிஎஸ் தீர்ந்தது, எல்லாம் அணைந்தது. மாலையில் கரண்ட் வந்து ஹோஸ்ட்டுகள் எழுந்தன, ஆனால் எதற்குள்ளும் யாராலும் நுழைய முடியவில்லை. ஸ்டோரேஜைப் பெயரால் தேடும்படி அமைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கு முகவரி சொல்ல வேண்டிய டிஎன்எஸ் அதே ஸ்டோரேஜுக்குள் இருக்கும் விஎம்மில். உள்ளே நுழையும் கணக்கும் டொமைன் கணக்கு. டொமைன் கன்ட்ரோலரும் அதே இடத்தில். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. ரேக்கின் பக்கவாட்டில் யாரோ முன்பு ஒட்டியிருந்த ஐபி முகவரித் தாளும், மறக்காமல் இருந்த ஒரு லோக்கல் பாஸ்வேர்டும்தான் இரவு ஷிஃப்டைக் காப்பாற்றின. ஆகவே பதினொன்றில் ஆரோக்கியமான பெட்டி ஒன்றையோ, ஒரு மலிவான புதுப் பெட்டியையோ கிளஸ்டருக்கு (மூன்று ஹோஸ்ட்டும் சேர்ந்த கூட்டு) வெளியே வைத்து, அதில் டொமைன் கன்ட்ரோலரும் டிஎன்எஸ்ஸும் ஓடட்டும். எது முதலில் எழ வேண்டும், எது பிறகு என்ற வரிசையைத் தாளில் அச்சடித்து ரேக்கிலேயே ஒட்டுங்கள். ஒட்டிவிட்டு, ஒரு ஞாயிறு எல்லாவற்றையும் உண்மையாகவே அணைத்து ஏற்றிப் பாருங்கள், உற்பத்திக்குப் போவதற்கு முன்பே.

அந்த வெளிப் பெட்டியையே நேரத்துக்கும் ஆதாரமாக வையுங்கள். டொமைன் கன்ட்ரோலர் விஎம்களில் ஹோஸ்ட்டிடமிருந்து நேரம் வாங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஹோஸ்ட் டொமைனைப் பார்க்கும், டொமைன் ஹோஸ்ட்டைப் பார்க்கும், இரண்டும் சேர்ந்து மெல்ல விலகும். 5 நிமிடத்துக்குமேல் விலகினால், டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் யாரையும் உள்ளே விடாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி நேரத்தை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும், லாக்குகளை (நிகழ்வுப் பதிவுகள்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். லாக்குக்கு வேண்டிய டிஸ்க்கையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

பேக்கப் சர்வரை மட்டும் டொமைனில் சேர்க்காதீர்கள். டொமைன் அட்மின் பாஸ்வேர்டு ஒன்று கையில் கிடைத்தவன் முதலில் தேடிப் போய் அழிப்பது பேக்கப்பைத்தான். மாற்றம் தொடங்குவதற்குமுன் இஆர்பி பேக்கப்பைப் புது ஹோஸ்ட் ஒன்றில் ரீஸ்டோர் செய்து, கணக்குப் பிரிவில் ஒருவரை உட்காரவைத்து நேற்றைய இன்வாய்ஸை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். 'பேக்கப் வெற்றி' என்று தினமும் வரும் மெயிலை நான் நம்புவதில்லை. ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். ஹைப்பர்-வியில் அதற்குச் செக்பாயின்ட் என்று பெயர், குணம் அதேதான். மூன்று நாளுக்குமேல் விட்டால் டிஸ்க்கைத் தின்னும்.

தேதி குறிப்பது. ஜிஎஸ்டி தாக்கலில் ஜிஎஸ்டிஆர்-1 மாதம் 11ஆம் தேதி, 3பி 20ஆம் தேதி. மாத முடிவும் அடுத்த ஐந்து நாளும் தொடக்கூடாது. ஆக மிஞ்சுவது 20க்குப் பின் வரும் சனி ஞாயிறு. பொங்கல் விடுமுறை நான்கு நாள் கிடைக்குமே என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் அந்த நாலு நாளும் ஸ்டோரேஜ் கம்பெனி இன்ஜினியரும் ஊருக்குப் போயிருப்பார், ஸ்பேர் பார்ட் கொண்டுவரும் கூரியரும் ஓடாது. சாதாரண வார இறுதியே மேல். முதல் வாரம் யாருக்கும் வலிக்காத இரண்டு விஎம். அடுத்து ஃபைல் சர்வர், பிரின்ட். இஆர்பி கடைசி.

இஆர்பி மாறும் அந்த வார இறுதிக்கு மட்டும் ஒரு திரும்பும் நேரம் எழுதி எம்டியிடம் கையெழுத்து வாங்குங்கள். 'ஞாயிறு மதியம் 2 மணிக்குள் இன்வாய்ஸ், இ-வே பில், கேட் பாஸ், பார்கோடு பிரின்ட் நான்கும் புதியதில் ஓட வேண்டும். ஒன்று ஓடாவிட்டாலும் பழையதுக்குத் திரும்புகிறோம்.' ஏன் 2 மணி என்றால், திரும்பவும் மூன்று நான்கு மணி நேரம் வேண்டும், அதற்குள் இரவு ஷிஃப்ட் வந்துவிடும். புதியதில் ஒரே ஒரு உண்மையான இன்வாய்ஸ் போட்டு அரசு போர்ட்டலில் பதிவாகிவிட்டால், பழையதுக்குத் திரும்பும் வழி அடைந்துவிட்டது. அதனால் சோதனை எல்லாம் சோதனைத் தரவில்தான். 1 மணி 50 நிமிடத்துக்கு 'இன்னும் அரை மணி கொடுங்க சார், சரியாயிடும்' என்று ஒருவர் சொல்வார், பெரும்பாலும் நல்ல இன்ஜினியராகத்தான் இருப்பார். கையெழுத்துப் போட்ட தாள் அவருக்காகத்தான்.

மாறியபிறகு பழையவற்றை உடனே அழிக்காதீர்கள். நெட்வொர்க் கேபிளை உருவிவிட்டு அணைத்து வையுங்கள்; கேபிளோடு விட்டால் ஒரு நாள் யாரோ பட்டனை அழுத்த, ஒரே ஐபியில் இரண்டு சர்வர் எழுந்து நிற்கும். ஒரு முழு மாத முடிவும் ஒரு ஜிஎஸ்டி சுற்றும் புதியதில் ஓடி முடிந்தபிறகு டிஸ்க்குகளைக் கழற்றி அழியுங்கள். பெட்டிகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர், புதுப்பிப்பாளர் அல்லது தயாரிப்பாளரிடம் மட்டும் கொடுங்கள், 2022 மின்கழிவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. சான்றிதழை வாங்கி ஆடிட்டருக்கு ஒரு நகல் அனுப்பினால் பழைய சொத்துப் பட்டியலிலிருந்து அந்தப் பெட்டிகளை எடுத்துவிடுவார்.